கருப்பை இறக்க அறுவையும் சிறுநீர்க் கசிவும்: முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி



இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டபோது, நீரிழிவைப் பற்றி எழுதலாமா, இரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அவற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். பெண்கள் தங்களுக்குள்கூடப் பேசக் கூசுகின்ற ஒரு பொருளை எழுதினால் நாலு பேருக்காவது உதவும் என்று தோன்றியது. 30 ஆண்டுகளுக்கு மேல் பெண்கள் பிரிவில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, கருப்பை இறக்கத்திற்குச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில பெண்களுக்கு ஏற்படும் சிறுநீர்க் கசிவைப் பற்றியும், அதை முன்கூட்டியே தவிர்க்க முடியுமா என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

இது சிறிய தொல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இருமினால், தும்மினால், சிரித்தால் சேலை நனைந்துவிடுகிறது என்றால் ஒரு பெண் முதலில் நிறுத்துவது வெளியே போவதைத்தான். கல்யாண வீடு, பேருந்துப் பயணம், உறவினர் வீடு என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுவார். உடல் சுத்தமில்லையே என்று கோயில் படியேறவும் தயங்குவார். வீட்டில் கேட்டால் முட்டி வலி என்பார். உண்மையான காரணத்தைச் சொல்லமாட்டார்.

கருப்பை இறக்கம் என்பது என்ன?

நம் இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் தசைகளும் தசைநார்களும் சேர்ந்து ஒரு தூளி போல அமைந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்கிப் பிடிப்பது அந்தத் தூளிதான். பல பிரசவங்கள், மாதவிலக்கு நின்ற பின் தசைகள் தளர்வது, தீராத இருமல், மலச்சிக்கல், பளு தூக்கும் வேலை, உடல் பருமன் ஆகிய காரணங்களால் இந்தத் தூளி தொய்ந்துபோகிறது. அப்போது உறுப்புகள் மெல்லக் கீழிறங்கிப் பிறப்புறுப்பின் வழியாகப் புடைத்துக்கொண்டு வருகின்றன. ‘கர்ப்பப்பை இறங்கிவிட்டது’ என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். உண்மையில் பல பெண்களுக்கு இறங்குவது கருப்பை மட்டுமல்ல. சிறுநீர்ப்பையும் சேர்ந்து இறங்கும். கருப்பையை முன்பே எடுத்துவிட்டவர்களுக்கும் இந்த இறக்கம் வரலாம்.

நம் ஊரில் இது புதிதல்ல. 1966ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஐந்தும் ஆறும் பெற்ற அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் பலர் இந்தத் தொல்லையோடுதான் காலம் தள்ளினார்கள். அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கும் இன்று வயது 60ஐ நெருங்கிவிட்டது.

இறக்கம் சிறிதாக இருந்து தொல்லை தராவிட்டால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. தசைப் பயிற்சியால் சிலருக்குக் குறையும். வேறு சிலருக்கு உள்ளே ஒரு வளையத்தைப் பொருத்தித் தாங்கிப் பிடிக்கச் செய்வார்கள். இவை போதாதபோதுதான் அறுவை சிகிச்சை. அதைப் பிறப்புறுப்பின் வழியாகவும் செய்யலாம். வயிற்றின் வழியாகவும் செய்யலாம்.

மடங்கிய ரப்பர் குழாய்

அறுவைக்கு முன் ஒரு சொட்டுக்கூடக் கசியாத பெண்ணுக்கு அறுவைக்குப் பின் ஏன் கசிய வேண்டும்? பலரைக் குழப்பும் கேள்வி இது.

செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை மடித்துப் பிடித்தால் தண்ணீர் நின்றுவிடும். குழாய்த் திருகு பழுதாகி இருந்தாலும் அந்த மடிப்பு இருக்கும்வரை பழுது வெளியே தெரியாது. சிறுநீர்ப்பை கீழே இறங்கும்போது சிறுநீர் வெளியேறும் வழியும் இப்படித்தான் மடங்கிக்கொள்கிறது. சிறுநீரை அடக்கும் தசை பலவீனமாக இருந்தாலும் அந்த மடிப்பே ஓர் அணையாக நிற்கிறது. அறுவை செய்து உறுப்புகளைப் பழைய இடத்தில் நிறுத்தியதும் மடிப்பு நிமிர்ந்துவிடுகிறது. அதுவரை மறைந்திருந்த பலவீனம் அன்றுதான் வெளிப்படுகிறது.

ஆகவே கசிவு வந்தால் அறுவை கெட்டுப்போய்விட்டது என்று பொருளில்லை. அறுவை தன் வேலையைச் சரியாகச் செய்த பிறகும் இது வரலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்ட பெண்ணுக்கு அது எதிர்பார்த்த ஒன்று. தெரியாதவருக்கோ இடி விழுந்த மாதிரி.

நான் பணியில் இருந்தபோது ஓர் அம்மாள் வந்தார். வயது 60ஐத் தாண்டியவர். நான்கு பிள்ளைகளின் தாய். வேறோர் இடத்தில் அறுவை செய்துகொண்டு, புடைப்பு முழுவதும் சரியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போய் முதல் முறை இருமியதுமே ஈரம். “இதுக்கு அந்த இறக்கமே தேவலை போலிருக்கு மிஸ்ஸி” என்று அழுதார். மெல்ல விசாரித்தேன். பத்து ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இருமினால் கசிவது உண்டாம். பிறகு ‘தானாகவே நின்றுவிட்டது’ என்றார். இறக்கம் பெரிதானதும் கசிவு நின்றிருக்கிறது. அவர் அதைக் குணமானதாக எண்ணிக்கொண்டார். அறுவைக்கு முன் அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

சகோதரிகளே, உங்களுக்கோ உங்கள் தாயாருக்கோ இப்படி நடந்திருந்தால் அதை அவசியம் டாக்டரிடம் சொல்லுங்கள். முன்பு கசிந்து பிறகு நின்றது, புடைப்பைக் கையால் உள்ளே தள்ளினால் கசிகிறது, வளையம் பொருத்திய பிறகு கசியத் தொடங்கியது ஆகிய மூன்றும் முக்கியமான அடையாளங்கள்.

இருமல் சோதனை

மறைந்திருக்கும் கசிவைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும் நேரத்தில், இறங்கிய பகுதியை வளையத்தாலோ வேறு கருவியாலோ மெல்ல மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். அப்போது சிறுநீர் கசிந்தால், அறுவைக்குப் பின்னும் கசிய வாய்ப்பு அதிகம் என்று அறியலாம்.

கசியாவிட்டால் பயமே இல்லை என்று சொல்ல முடியாது. சோதனையில் கசியாத பெண்களிலும் சிலருக்குப் பின்னால் கசிவு வருகிறது. வயது, உடல் எடை, பிரசவங்களின் எண்ணிக்கை, நீரிழிவு, அவசரமாக வந்து அடக்க முடியாமல் போகும் பழக்கம், இந்த இருமல் சோதனையின் முடிவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து ஒரு பெண்ணின் அபாயத்தை மதிப்பிடும் கணக்கு முறையை அமெரிக்க மருத்துவர்கள் 2014இல் வெளியிட்டார்கள். நம் மக்களிடையே நீரிழிவு மிகுதி. எனவே அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது இதற்கும் சேர்த்துத்தான் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

இறக்கத்தைச் சரிசெய்யும்போதே கசிவைத் தடுக்கும் அறுவையையும் சேர்த்துச் செய்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை காண அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. இரண்டிலும் சேர்க்கப்பட்டவர்கள் இருமினால் கசியும் தொல்லை இல்லாத பெண்கள்.

முதல் ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. வயிற்றின் வழியாக இறக்க அறுவை செய்துகொண்ட 322 பெண்கள் அதில் பங்கெடுத்தார்கள். ஒரு பாதியினருக்கு ‘பர்ச்’ முறையில், அதாவது சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியைத் தையல்களால் தூக்கிக் கட்டும் முறையில், கூடுதல் அறுவை செய்தார்கள். 1961இல் ஜான் பர்ச் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட முறை இது. மூன்று மாதங்களில், கூடுதல் அறுவை செய்துகொள்ளாதவர்களில் 100க்கு 44 பேருக்குக் கசிவு வந்தது. செய்துகொண்டவர்களில் 100க்கு 24 பேருக்கு வந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஆய்வில் மேலும் ஆள் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் ஆய்வு 2012இல் வெளிவந்தது. இதில் 337 பெண்கள். இவர்களுக்கு இறக்க அறுவை பிறப்புறுப்பின் வழியாக நடந்தது. ஒரு பாதியினருக்குச் சிறுநீர் வழியின் அடியில் மெல்லிய நாடா ஒன்றைத் தாங்கலாக வைத்தார்கள். மறு பாதியினருக்கு நாடா வைக்காமல் தோலில் சிறு கீறல் மட்டும் போட்டார்கள். யாருக்கு வைத்தது, யாருக்கு வைக்கவில்லை என்று நோயாளிகளுக்கே தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. மூன்று மாதங்களில் நாடா இல்லாதவர்களில் 100க்கு 49 பேருக்கு ஏதேனும் ஒரு வகைக் கசிவு இருந்தது, அல்லது அதற்குச் சிகிச்சை தேவைப்பட்டது. நாடா வைத்தவர்களில் அது 24 பேர். ஓராண்டு முடிவில் 43 பேரும் 27 பேரும்.

ஆனால் நாடாவுக்கும் ஒரு விலை உண்டு. அதை வைக்கும்போது 100க்கு ஏறக்குறைய 7 பேருக்குச் சிறுநீர்ப்பையில் ஊசி துளைத்தது. சிறுநீர்த் தொற்று நாடா வைத்தவர்களில் 31 பேருக்கும் மற்றவர்களில் 18 பேருக்கும் வந்தது. 3 பேருக்கு அதிக இரத்தப்போக்கு ஏற்பட்டது. ஏறக்குறைய 4 பேருக்கு ஆறு வாரம் கழிந்தும் சிறுநீர் முழுவதும் வெளியேறவில்லை. நாடா வைக்காதவர்களுக்கு இந்தத் துளையோ, பெரிய இரத்தப்போக்கோ, அடைப்போ வரவில்லை.

ஒரே தடவையா, இரண்டு தடவையா?

மேலே சொன்ன எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஓராண்டுக் கணக்கின்படி நாடாவால் கசிவிலிருந்து தப்பியவர்கள் 100க்கு 16 பேர். வேறுவிதமாகச் சொன்னால், ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு பெண்களுக்கு நாடா வைக்க வேண்டும். மற்ற ஐவரில் சிலருக்கு நாடா இல்லாமலேயே கசிவு வந்திருக்காது. சிலருக்கு நாடா வைத்தும் கசிவு வரும். எல்லாருக்கும் கூடுதல் அறுவை வேண்டும் என்றோ, யாருக்குமே வேண்டாம் என்றோ சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

எனவே இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தடவையில் செய்துகொள்வது ஒரு வழி. மறுபடி மயக்க மருந்து வேண்டாம். மறுபடி விடுப்பு எடுக்க வேண்டாம். முதலில் இறக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டுச் சில மாதங்கள் பார்த்து, கசிவு தொல்லை தந்தால் மட்டும் அடுத்த சிகிச்சைக்குப் போவது மற்றொரு வழி. தேவையில்லாத அறுவையைத் தவிர்க்கலாம். இருமல் சோதனையில் கசிந்தவர்களுக்கு முதல் வழியால் பலன் அதிகம். கசியாதவர்களில் பலருக்குக் காத்திருப்பது பொருத்தமாக இருக்கும். ஏற்கனவே இருமலில் கசிவு உள்ளவர்களின் நிலை வேறு. அவர்கள் அதை டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும். எந்த வழி உங்களுக்கு ஏற்றது என்பதை உங்கள் உடல்நிலையும் உங்கள் விருப்பமும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

வலையைப் பற்றிய அச்சம்

‘உள்ளே வலை வைத்து நிறையப் பேருக்குக் கெடுதலாகிவிட்டதாமே’ என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இதில் இரண்டு பொருள்கள் கலந்துவிடுகின்றன. இறக்கத்தைச் சரிசெய்வதற்காகப் பிறப்புறுப்பின் வழியே வைக்கும் பெரிய வலை ஒன்று. அதன் விற்பனையை நிறுத்தும்படி அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. கசிவைத் தடுக்க வைக்கும் குறுகிய நாடா வேறு. அந்த உத்தரவு அதைக் கட்டுப்படுத்தவில்லை. சுவீடன் நாட்டு மருத்துவர் உல்ப் உல்ம்ஸ்டன் குழுவினர் 1996இல் வெளியிட்ட முறை அது. இருந்தாலும் இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இந்த நாடாவையும் சேர்த்தே நிறுத்தி வைத்தார்கள். நாடாவும் செயற்கை இழையால் ஆனதுதான். சிலருக்கு வலியோ அரிப்போ தரலாம். செயற்கைப் பொருள் வேண்டாம் என்பவர்களுக்குப் பர்ச் முறையும், சொந்த வயிற்றுத் தசையுறையிலிருந்து எடுத்த பட்டையை வைக்கும் முறையும் உண்டு. அச்சத்தை மனத்திலேயே வைத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

அறுவைக்கு முன்னும் பின்னும் நம் கையில் இருக்கும் காரியங்கள் சில.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சி: 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதியதிலிருந்து உலகெங்கும் பரவிய பயிற்சி இது. வாயு வெளியேறாமல் அடக்குவது போல அடிப்பகுதித் தசையை உள்ளிழுத்து, சில விநாடிகள் நிறுத்தி, மெல்லத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 தடவையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதங்கள் செய்ய வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றை முக்கக் கூடாது. சரியாகச் செய்கிறோமா என்பதை உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் ஒரு தடவையாவது காட்டிக்கொள்ளுங்கள். உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: அறுவையை ஒட்டித் தரப்படும் பயிற்சி கூடுதல் பலன் தருகிறதா என்று 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு பார்த்தது, ஆறு மாதங்களில் சிறுநீர்த் தொல்லைகளில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இருமலில் வரும் கசிவுக்கு முதல் சிகிச்சை இந்தப் பயிற்சிதான். அறுவைக்குப் பின் கசிவு வந்தாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வார்கள்.

எடை: 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பருமனான பெண்கள் ஆறு மாதங்களில் சராசரியாகத் தம் எடையில் 8 விழுக்காடு குறைத்தபோது, வாரந்தோறும் ஏற்பட்ட கசிவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 75 கிலோ உள்ளவருக்கு அது 6 கிலோதான்.

மலச்சிக்கலும் இருமலும்: காய்கறி, பழம், போதிய தண்ணீர் வேண்டும். கழிப்பறையில் முக்கக் கூடாது. ஆஸ்துமா, தீராத இருமல் இருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவம் பாருங்கள். வீட்டில் புகைப்பவர் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

தண்ணீர்: கசியும் என்று பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் தொற்றும் கூடும். குறைக்க வேண்டியது காப்பியையும் தே தாரிக்கையும்தான்.

அறுவைக்குப் பின்: சிறுநீர்க் குழாயை எடுத்த பின் சிறுநீர் தானாகப் போகிறதா, உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று தாதியர் பார்ப்பார்கள். அந்தச் சோதனை முடியாமல் வீடு திரும்ப அவசரப்படாதீர்கள். டாக்டர் சொல்லும்வரை அரிசி மூட்டை, தண்ணீர் வாளி, பேரப்பிள்ளை எதையும் தூக்க வேண்டாம். எரிச்சல், காய்ச்சல், சிறுநீர் போகாமை, அதிக இரத்தப்போக்கு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் சில வாரங்களில் வரும் கசிவு தொற்றினாலும் இருக்கலாம். முதலில் சிறுநீரைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

அறுவைக்குக் கையெழுத்திடும் முன் கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. இறக்கத்தைச் சரிசெய்த பின் எனக்குச் சிறுநீர் கசிய வாய்ப்பு எவ்வளவு?
2. இறங்கிய பகுதியைத் தூக்கிப் பிடித்து இருமல் சோதனை செய்து பார்ப்பீர்களா?
3. கசிவைத் தடுக்கும் அறுவையைச் சேர்த்துச் செய்வதா, காத்திருந்து பார்ப்பதா? எனக்கு எது நல்லது?
4. சேர்த்துச் செய்தால் என்ன முறை? அதனால் என்னென்ன தொல்லைகள் வரலாம்?
5. அறுவையே இல்லாமல் வளையம் வைத்துச் சமாளிக்க முடியுமா?
6. பின்னால் கசிவு வந்தால் அடுத்து என்ன செய்வோம்?

இவற்றைக் கேட்பதால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள். நல்ல டாக்டர் இப்படிக் கேட்பதையே விரும்புவார். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ தொடங்கினால், இதற்கென்றே உள்ள நிபுணரிடம் அனுப்பி வைப்பார்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

தமிழ் மட்டுமே பேசும் தாயாரை டாக்டரிடம் மகன் அழைத்து வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மகன் அன்பானவர்தான். ஆனால் மகனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தாயும் இதைச் சொல்லமாட்டார். ‘அம்மாவுக்கு வேறொன்றும் இல்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மகளோ மருமகளோ தங்கையோ உடன் செல்லட்டும். யாரும் இல்லையென்றால் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கேளுங்கள். அறைக்குள் ஐந்து நிமிடம் தாயாரைத் தனியே பேச விடுங்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பின்னும், அம்மா ஏன் வெளியே வருவதில்லை, ஏன் அடிக்கடி சேலை மாற்றுகிறார் என்று கவனியுங்கள். குறை சொல்லும் குரலில் கேட்காதீர்கள். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த உடல் அது. அதன் தளர்ச்சியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருமல் சோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே கேளுங்கள்.